சாதுவான ராசாவும் அவருடைய குடும்பமும்

குதிரை பார்க்கிற வேலையில் கால்வாசி நேரம் குதிரைக்குப் போகும். மிச்ச முக்கால்வாசியும் குதிரையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களுக்குப் பதில் சொல்வதில் போகும்.

நீங்கள் வங்கிக் கவுண்டரில் நிற்கிறவராகவோ, பல்லு டொக்டரிடம் போன் எடுக்கிறவராகவோ, கடையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவராகவோ இருந்தால் இதை நான் விளக்கத் தேவையில்லை. உங்களிடம் வருகிற அதே சனம்தான் என்னிடமும் வருகிறது. ஒரே வித்தியாசம், நான் அவர்களுக்குப் பதில் சொல்லும்போது என் கையில் ஒரு வாளியும், காலுக்குக் கீழே சாணியும் இருக்கும்.

நான் நகரத்துக்குள், வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கிறேன். பதினொரு வருஷம் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பணிஸ் பக்கெட் பண்ணினேன். அதைப் பூட்டிவிட்டார்கள். அப்போதுதான் என் கணவருக்குத் தெரிந்த செல்வண்ணை கூப்பிட்டார். அவர் முந்தி ட்ரக் ஓடினவர். ஸ்டீல்ஸ் றோட்டைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு காணியும் பழைய கொட்டிலும் வாங்கி, இரண்டு குதிரை வைத்திருக்கிறார். கலியாணங்களுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பிள்ளைகளோடு பார்க்க வரும். "கொட்டில் கூட்டிறது, தண்ணி வைக்கிறது, போன் எடுக்கிறது. அவ்வளவுதான் தங்கச்சி" என்றார். அந்த 'அவ்வளவுதான்'இல் அடங்காதவற்றைத்தான் கீழே எழுதுகிறேன்.

ஆம்பிளைக் குதிரை

முதலில் ராசாவை அறிமுகப்படுத்த வேண்டும். வெள்ளைக் குதிரை, ஒன்பது வயது. ஸ்டாலியன், அதாவது நலமடிக்காத முழு ஆண். இப்படியான குதிரையை எல்லா இடத்திலும் உயர்ந்த வேலிக்குள் தனியாகத்தான் வைப்பார்கள். கடிக்கும், உதைக்கும், பெண் குதிரையின் வாசனை பட்டாலே கத்தி ஊரைக் கூட்டும். எங்கள் ராசா அப்படி இல்லை. பஸ் வர இன்னும் நேரம் இருக்கிற ஆள் மாதிரி, அரைக்கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை ஆறவிட்டு நிற்பார். அவருடைய துணை மல்லிகா மண்ணிறம். காதைப் பின்னுக்குச் சாய்த்து அவள் ஒரு பார்வை பார்த்தால், ராசா தன் தீனியை விட்டுவிட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றுவிடுவார்.

கலியாணத்துக்குக் குதிரை கேட்டு வருகிற போன் எல்லாம் மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரித்தான் இருக்கும். நல்ல வெள்ளையோ? உயரம் எவ்வளவு? குணம் எப்பிடி? முந்தி ஏதும் பிரச்சினை வந்ததோ? அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு அன்ரி நாற்பது நிமிஷம் விசாரித்தார். ட்ரோன் கமரா பறந்தால் பயப்பிடுமோ, தவில் அடித்தால் பாயுமோ, மகன் கொஞ்சம் பாரமான பிள்ளை, தாங்குமோ என்று ஒன்றும் விடவில்லை. ராசாவை ஒருவேளை அவருக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, மல்லிகாவும் இன்னும் அமைதியாக நடப்பாள், அவளைக் கொண்டுவரலாம் என்று சொன்னேன். அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பிள்ளை கதைக்கிறீர்? மாப்பிள்ளை பெட்டைக் குதிரையிலயோ வாறது? ஆம்பிளைக் குதிரைதான் வேணும். ஆனால் ஆம்பிளைக் குணம் ஒண்டும் இருக்கக்கூடாது."

டொக்டர் சொன்ன இரண்டு காரணம்

ஏப்ரல் கடைசியில் மல்லிகா குட்டி போட்டாள். நான் காலமை போய்க் கதவைத் திறக்கும்போது குட்டி எழும்பி நிற்கிறது. நாலு காலும் நாலு பக்கம். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, மற்றபடி உடம்பு முழுக்கக் கறுப்பு. பெண் குட்டி. அந்த இடத்திலேயே பொட்டு என்று பெயர் வைத்துவிட்டேன். செல்வண்ணை வேறு ஏதோ பெரிய பெயர் யோசித்து வைத்திருந்தாராம். யார் கேட்டது?

மிருக டொக்டர் வந்தார். மெலிந்த வெள்ளைக்காரப் பெண், தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். ராசாவை உடனே வேறு வேலிக்குள் விடச் சொன்னார். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, சில ஸ்டாலியன்கள் குட்டியைக் கடித்துக் கொன்றுவிடும். இரண்டாவது, குட்டி போட்டுப் பத்து நாளுக்குள்ளேயே தாய் மறுபடியும் சினைப்படத் தயாராகிவிடும். நான் இரண்டையும் தமிழில் செல்வண்ணைக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் இரண்டுக்கும் தலையாட்டினார். முதலாவதுதான் காதுக்குள் போயிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

நடுவில் தடிகளால் வேலி போட்டோம். ராசா ஐந்து நாளும் அந்த வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். ஆறாம் நாள் நான் தண்ணீர் வாளியோடு போகிறேன், பொட்டு கீழ்த்தடிக்கு அடியால் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. வாளி கையை விட்டுப் போனது. ஓடிப் பிடிக்கிற தூரம் இல்லை. குட்டி நேரே ராசாவுக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து திறந்து பல்லை டக்குடக்கென்று அடித்தது. நான் சின்னப்பிள்ளை, என்னை ஒன்றும் செய்யாதே என்று பெரிய குதிரைகளுக்குக் குட்டிகள் காட்டுகிற அடையாளம் அது என்று பிறகுதான் அறிந்தேன். ராசா தலையைக் கீழே கொண்டுவந்தார். குட்டியை மூக்கால் மணந்து பார்த்தார். பெரிதாக ஒரு தும்மல் தும்மினார். குட்டி விழுந்து, எழும்பி, பிறகு அவருடைய நிழலிலேயே படுத்து நித்திரையாகிவிட்டது. மல்லிகா வேலியடிக்கு ஓடிவந்து காதைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் குனிந்து புல்லைக் கடிக்கத் தொடங்கினாள். ராசா அரை மணித்தியாலத்துக்கு மேலாக, முகத்தில் இலையான் மொய்க்க மொய்க்க, ஒரு காலையும் அசைக்காமல் நின்றார். நான் கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே இருந்துவிட்டேன்.

செல்வண்ணை வந்து பார்த்தார். வேலித்தடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். இரண்டாவது காரணத்தையும் சேர்த்துத்தான் ஞாபகப்படுத்தினேன், இதற்கு நீங்கள் எல்லாரும் சாட்சி. அவர் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார்: "டொக்டர் படிச்சவ, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ராசாவை அவவுக்கு என்னைப்போலத் தெரியாது."

நிறம்

வெள்ளைக் குதிரைகள் பிறக்கும்போது வெள்ளை இல்லை. கறுப்பாக, மண்ணிறமாகப் பிறந்து வருஷா வருஷம் வெளிறிக்கொண்டு வரும். ராசாவும் கறுப்பாய்ப் பிறந்தவர்தான். இதை நான் அந்த மே மாதம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது தடவை என்ற கணக்கில் சொல்லியிருப்பேன். தகப்பன் வெள்ளை, தாய் மண்ணிறம், குட்டி மட்டும் எப்படிக் கறுப்பு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டுவிட்டு மல்லிகாவை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவள் பாட்டுக்கு நின்று பால் கொடுக்கிறாள்!

ஒரு நாள் இரண்டு அன்ரிமார் வந்தார்கள். அக்கா தங்கச்சிபோல இருந்தது. நான் பழைய ராசாவின் படத்தை போனில் எடுத்துக் காட்டி, நிறம் எப்படி மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மாதிரி விளக்கினேன். இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். மூத்தவர் என் கையைப் பிடித்து, குதிரைகளுக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நீர் உங்கை வேலை செய்யிற பிள்ளை, அப்பிடித்தான் சொல்லவேணும். எங்களுக்கு விளங்குது. நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்."

நாய்

எங்கள் காணிக்குப் பின்னால் சனம் நடக்கிற பாதை ஒன்று இருக்கிறது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போங்கள் என்று போர்ட் போட்டிருக்கிறோம். போர்ட்டை நாய்கள் வாசிக்கும் என்று நினைத்து விட்டார்களோ என்னவோ, ஆட்கள் வாசிப்பதில்லை.

மே கடைசியில் ஒரு பகல். பெரிய ஓநாய் மாதிரி ஒரு நாய் வேலிக்குள் புகுந்து பொட்டைத் துரத்தியது. மல்லிகா கத்திக்கொண்டு குறுக்கும் மறுக்கும் ஓடுகிறாள். குட்டி பயத்தில் மூலை வேலிக்குள் போய், முன்கால் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. இழுக்க இழுக்க இறுகும். குதிரைக்குக் கால் முறிந்தால் அதோடு கதை முடிந்த மாதிரி. நான் சாணி அள்ளுகிற முள்ளுத்தடியோடு ஓடினேன். எனக்கு முதல் ராசா வந்துவிட்டார். அவர் நாயைக் கடிக்கவும் இல்லை, உதைக்கவும் இல்லை. குட்டிக்கும் நாய்க்கும் நடுவில் வந்து குறுக்காக நின்றார். நாய் இடது பக்கம் போனால் இவரும் இடது பக்கம். நாய் சுற்றினால் இவரும் சுற்றுவார். பிறகு தலையைத் தாழ்த்தி, அரைக்கண்ணை முழுக்கத் திறந்து, ஒரே ஒரு அடி முன்னுக்கு வைத்தார். நாய் வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு பாதைக்கே ஓடிப்போய்விட்டது. நான் குட்டியின் காலை மெல்ல எடுத்தேன். தோல் உரிந்து இரத்தம், எலும்புக்கு ஒன்றுமில்லை. துள்ளிக்கொண்டு நின்ற குட்டிக்குக் கட்டுப் போடவே பத்து நிமிஷம் போனது.

அப்போது நாய்க்காரன் வேலிக்கு வந்தான். எங்கடை பெடியன்தான், இருபத்தைந்து வயதிருக்கும், காதில் இயர்போன். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவன் சொன்னான்: "அன்ரி, சீரியஸ்லி, உங்கட ஹோர்ஸ் என்ட டோக்கை ட்ரோமட்டைஸ் பண்ணிட்டுது. ஹீ இஸ் ஷேக்கிங்."

வோபர்ன் கலியாணம்

ஜூனில் வோபர்னில் ஒரு கலியாணம். பத்து மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம், எட்டரைக்கு ராசாவை ட்ரெய்லரில் ஏற்ற வேண்டும். அவர் எப்போதும் தானாக ஏறுகிறவர். அன்றைக்கு இரண்டு கால் வைத்தார். பொட்டு கொட்டிலுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் ஒரு கத்தல். ராசா அப்படியே பின்னுக்கு இறங்கினார். மறுபடி ஏற்றினோம். மறுபடி கத்தல், மறுபடி இறக்கம். கரட் காட்டினோம், கெஞ்சினோம். செல்வண்ணை தனக்குத் தெரிந்த நல்ல சொல், கெட்ட சொல் எல்லாம் சொல்லி முடித்தார். அவருடைய போன் நிற்காமல் அடிக்கிறது. ஒன்பதே கால் ஆனதும், "எல்லாரையும் ஏத்து!" என்றார். மூன்று பேரும் ஏறினார்கள். ராசா இப்போது முதல் ஆளாக ஏறினார்.

மண்டபத்துக் கார்த் தரிப்பிடத்தில் ராசாவை மட்டும் இறக்கி, நெற்றிப்பட்டமும் பட்டுத்துணியும் கட்டி, மாப்பிள்ளையை ஏற்றினோம். நாதஸ்வரம் தொடங்கியது. ராசா பத்து அடி நடப்பார், நின்று ட்ரெய்லரைத் திரும்பிப் பார்ப்பார். பிறகு பத்து அடி. மறுபடி திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு திரும்பலுக்கும் மாப்பிள்ளை சேணத்தைக் கட்டிப்பிடிக்கிறார். படம் எடுக்கிறவர், எல்லாப் படத்திலும் குதிரையின் பின்பக்கத் தலைதான் வருகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் என்ன செய்ய? கடைசியில் மல்லிகாவை இறக்கி ஊர்வலத்துக்கு முன்னால் நடத்தினோம். பொட்டு தாய்க்குப் பக்கத்தில் துள்ளித் துள்ளிப் போனது. ராசா அவர்களுக்குப் பின்னால் படு ஒழுங்காக, தவிலுக்குக் கால் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. முந்நூறு பேரும் போனைத் தூக்கிக்கொண்டு குட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். பொம்பிளை வீட்டு அன்ரி ஒருவர் ஆரத்தித் தட்டோடு யாருக்கு எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார். மண்டபத்துக் கதவு திறந்தது. உள்ளே இருக்க வேண்டிய கலியாணப் பொம்பிளை, பட்டுச் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நேரம் போகிறது, மாப்பிள்ளை இன்னும் இறங்கவில்லை என்று ஐயர் கூப்பிடுகிறார். பொம்பிளை பொட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கமராக்காரருக்குச் சொன்னார்: "ஹீ கேன் வெயிட். அவர் எங்கயும் போகமாட்டார். முதல்ல எனக்கும் பேபிக்கும் ஒரு பிக்சர் எடுங்கோ."

ஸ்கான்

ஜூலையில் டொக்டர் பொட்டுக்கு ஊசி போட வந்தார். மூன்று பேரும் ஒரே வேலிக்குள் நிற்பதைக் கண்டார். காருக்குப் போய் ஸ்கான் மெஷினை எடுத்துவந்து மல்லிகாவைப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அடுத்த வசந்தத்துக்கு இன்னொரு குட்டி.

செல்வண்ணை என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் வாளியைப் பார்த்தேன். ராசா தூரத்தில் அரைக்கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை ஆறவிட்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தால் கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர் என்றுதான் சொல்வீர்கள். செல்வண்ணை தன் இங்கிலிஷில் டொக்டருக்கு விளக்கப்படுத்தினார்: அவன் அப்படியான ஆள் இல்லை, ஒரு சத்தம் கூடப் போடாதவன், சரியான சாது. டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை: "சாதுவான ஸ்டாலியன் எண்டால், அதையும் சாதுவாய்ச் செய்வான் எண்டுதான் அர்த்தம்."

டயர்

இனி வருவது எனக்குச் சிரிப்பு வராத கதை.

கொட்டிலில் மூன்று குதிரைக்குத்தான் இடம். நாலாவது வரப்போகிறது. ஓகஸ்டில் செல்வண்ணை என்னிடம் கேட்காமலே மல்லிகாவையும் பொட்டையும் விற்க விளம்பரம் போட்டுவிட்டார். போனுக்கு வந்த முதல் கேள்வியில்தான் எனக்கே தெரிந்தது. நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கதைத்தேன், கதைக்காமல் இருந்திருக்கலாம். "அண்ணை, அதுகளைப் பிரிக்கிறதெண்டால் கொட்டிலை நீங்களே கூட்டுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "இடம் இல்லையே தங்கச்சி" என்றார், திரும்பத் திரும்ப.

ஒட்டாவாப் பக்கம் பண்ணை வைத்திருக்கிற பரம் அண்ணை வாங்க வந்தார். நல்ல மனுசன். குட்டியின் காலிலிருந்த தழும்பைத் தடவிப் பார்த்து, எப்படி வந்தது என்று அக்கறையாகக் கேட்டார். அவரைத் திட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்காததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் காலமையே பொட்டுக்குத் தலை வாரி, நெற்றியைத் துடைத்து வைத்திருந்தேன். பெண் பிள்ளையைப் பயணம் அனுப்புகிற மாதிரி, என்ன விசர் வேலை பாருங்கள்.

மல்லிகா கயிற்றுக்கு ஒழுங்காக வந்தாள். குட்டி பின்னால் வந்தது. வேலிக் கேற்றடியில் ராசா நிற்கிறார். குறுக்காக, கேற்றின் அகலத்துக்கு. நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். செல்வண்ணை தோளால் தள்ளினார். பரம் அண்ணையும் வந்து பின்பக்கம் தள்ளினார். ராசா கோபப்படவில்லை, காதைக் கூடச் சாய்க்கவில்லை. உடம்புப் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றினார், அவ்வளவுதான். கரட் கொடுத்தோம். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றார். முக்கால் மணித்தியாலம் போனது. மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றுகிறது. குட்டி ராசாவின் வயிற்றுக்குக் கீழால் தலையை நுழைத்து எங்களை வேடிக்கை பார்க்கிறது.

செல்வண்ணை தள்ளுவதை நிறுத்திவிட்டு ராசாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேற்றைத் தாண்டிப் போய், பரம் அண்ணையின் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி, பின் டயரைக் காலால் தட்டினார். "அண்ணை, உங்கடை டயரைப் பார்க்க எனக்கு நம்பிக்கையில்லை. உந்த டயரிலை பிள்ளைகளை நான் ஹைவேயிலை விடமாட்டன்" என்றார். பரம் அண்ணை திகைத்துப்போனார். "முந்தாநாள்தான் நாலும் புதுசாய்ப் போட்டனான் செல்வம்" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைத் துடைக்க என்னிடம் குதிரை துடைக்கிற துணிதான் இருந்தது. செல்வண்ணை கொஞ்சமும் அசரவில்லை: "புது டயர் எண்டால் அதைவிட மோசம் அண்ணை. அதுகள் இன்னும் றோட்டுக்குப் பழகேல்லை."

பரம் அண்ணை தேத்தண்ணி குடித்துவிட்டு வெறும் ட்ரெய்லரோடு போனார். அடுத்த கிழமை செல்வண்ணை தன் ட்ரக்டரை வெளியே எடுத்து, அது நின்ற இடத்தில் நாலாவது குதிரைக்கு இடம் அடித்தார். ட்ரக்டர் இப்போது மழையில் தார்ப்பாயின் கீழே நிற்கிறது. அந்தத் தார்ப்பாயை ஒவ்வொரு காற்றுக்கும் இழுத்துக் கட்டுவது யார் என்று கேட்கமாட்டீர்கள்.

பால்

ஒக்டோபரில் பால் மறக்கப்பண்ண வேண்டும், மல்லிகாவின் வயிற்றில் அடுத்தது வளர்கிறது என்று டொக்டர் சொன்னார். மல்லிகாவைக் கத்தினாலும் கேட்காத தூரத்தில், இரண்டு பண்ணை தள்ளி ஒரு மாதம் விட்டோம். பொட்டை ராசாவோடு விட்டோம். இந்த முறை டொக்டரே அப்படிச் செய்யச் சொன்னார். ஆனால் வசந்தத்துக்கு முதல் ராசாவை நலமடிக்க வேண்டும், அல்லது மகளைப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னார். நலமடிக்க நான் டொக்டரிடம் நாள் குறித்து வைக்கிறேன். செல்வண்ணை போன் பண்ணித் தள்ளிப் போடுகிறார். குறித்த மூன்று நாளும் இப்படியே போய்விட்டது.

குட்டி இரண்டு நாள் கத்தியது. வேலியோரம் ஓடி ஓடி அந்த இடத்துப் புல்லே இல்லாமல் போனது. தண்ணீர் மட்டும் குடித்தது, தீனியில் வாய் வைக்கவில்லை. இடுப்பு எலும்பு தெரியத் தொடங்கியது. நான் கையில் வைத்து நீட்டினேன், இனிப்பாகக் கலந்து கொடுத்தேன். திரும்பியும் பார்க்கவில்லை. ராசா அதன் பின்னால் வேலியோரமே நடந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. களைத்துப்போன குட்டி ராசாவிடம் வந்து, வயிற்றுக்குக் கீழே தலையைக் கொண்டுபோய்ப் பால் தேடியது. அவர் திடுக்கிட்டுப் பின்காலைத் தூக்கினார். தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தார். பெருமூச்சு விட்டார். இரண்டு அடி தள்ளிப் போனார், குட்டியும் போனது. இப்படியே வேலிக்குள் நாலு சுற்று. கடைசியில் அவர் தன் தீனிக்குப் போய் நின்று சாப்பிடத் தொடங்கினார். குட்டி வேறு வழியில்லாமல் அவருடைய வாயோரம் மணந்து பார்த்து, அங்கே தொங்கிய ஒரு புல்லை இழுத்தது. மென்றது. இன்னொன்று இழுத்தது. பிறகு தலையை உள்ளே விட்டுச் சாப்பிடத் தொடங்கியது. ராசா இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

வேலிக்கு வெளியே ஒரு சின்னக் குடும்பம் நின்றது. தாய் தோளில் கைக்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் நித்திரையில்லாத சிவப்போடு, தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றார். தகப்பன் போனில் ஏதோ மட்ச் பார்க்கிறார். என்ன கேட்கப்போகிறார்கள், நிறமா, விலையா என்று நான் பதிலோடு தயாராக நின்றேன். அந்தத் தாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கணவனைத் தோளால் இடித்து, ராசாவைக் கண்ணால் காட்டிச் சொன்னார்: "பார்த்தீங்களோ? பால் இல்லாட்டியும் பக்கத்திலயாவது நிக்கிறார்."

தகப்பன் போனை மடக்கிப் பொக்கெற்றில் வைத்துவிட்டு, குதிரைக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பது மாதிரி என்னை முறைத்தார்.

மொத்தத்தில், சாதுவான ஒரு ஸ்டாலியன் இருக்கிற கொட்டிலில் புகழ் முழுக்க அவருக்கு, பிள்ளைப்பேறு மல்லிகாவுக்கு, சாணி எனக்கு.